யார் கை வச்சது

அதைச் சித்தக் கழட்டி வச்சுப்போடுங்க தம்பி. அந்த ஒயரைத்தான் சொல்றேன். போனையும் சார்ஜ் ஏத்தற பெட்டியையும் ஒண்ணாப் பைக்குள்ள திணிச்சு, மேல துண்டைப் போட்டு, துண்டு மேல கையையும் வச்சிருந்தீங்கன்னா சூடு எங்கீங்க போகும்? தொட்டுப் பாருங்க. பாத்தீங்களா. நெறைஞ்சுதுன்னா கழட்டிப்போடோணும். நான் படிச்சவன் இல்லீங்க, பேட்டரியால பட்டவன். அதனால சொல்றேன்.

எனக்கு வேப்பமரத்துக் கேட்டுல இறங்கோணும். ரேஞ்ச் ஆபீசு இருக்குதுங்களே, அந்த ஸ்டாப்பு. பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. வண்டி என்னமோ இன்னைக்கு வெசயாப் போகுது. மத்த நாள்ல ஆமையாட்டம் போறவன், இன்னைக்குப் பாருங்க.

நான் பாரஸ்ட்டுல வாட்சருங்க. பேரு நாச்சிமுத்து. இருபத்திரண்டு வருசம் ஆச்சு, இன்னும் தற்காலிகம்தான். அடுத்த வருசம் பர்மனென்ட்டுன்னு லிஸ்ட்டுல பேரு ஏறியிருக்குது. அது கெடக்கட்டும், விடுங்க. கடைசிப் பதினோரு வருசமா ஊசிப்பாறை கேம்ப்பு. கேம்ப்புன்னதும் பெரிசா நெனைச்சுக்காதீங்க. ஒரு ஓட்டு வீடு, ஆனை தாண்டாம இருக்கச் சுத்தியும் வெட்டின குழி, குழிக்கு மேல ஒரு பலகை. கரண்டு இல்லை. போன் எடுக்காது. ஆளு ரெண்டே பேரு. நானும் வெள்ளிங்கிரியும்.

வெள்ளிங்கிரி என்னைய விட ஏழு வயசு சின்னவன். அண்ணா அண்ணான்னுதான் கூப்பிடுவான். நல்ல பையன்னு சொல்ல மாட்டேன், நாப்பது வயசு ஆளைப் பையன்னா சொல்லுவாங்க. நல்ல மனுசன். சோறு அவன் வடிப்பான், குழம்பு நான் வைப்பேன். பதினோரு வருசத்துல ஒருநாளும் உப்பு எச்சாப் போச்சுன்னு சொன்னவன் இல்லை. எச்சாத்தான் போடுவேன், எனக்கே தெரியும்.

அங்க நம்ம உசுரே அந்த வாக்கிதானுங்க. கையில புடிச்சுப் பேசற செட்டு. காலைல ஏழு மணிக்கு ஒருக்கா, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருக்கா, கீழ இருந்து "ஊசி, ஊசி"ன்னு கூப்பிடுவாங்க. "ஊசி நல்லாருக்குது"ன்னு சொல்லோணும். அதுதான் நாங்க உசுரோட இருக்கறோம்ங்கறதுக்கு அத்தாட்சி. ஆனை முடுக்கித் தொரத்தினாலும், பாம்பு கடிச்சாலும், அந்தச் செட்டுல ஒரு வார்த்தை சொன்னாத்தான் ஜீப்பு வரும். செட்டு செத்துப்போச்சுன்னா நாமளும் பாதி செத்த மாதிரிதான்.

அதுக்குக் கூரை மேல ஒரு சோலார் பலகை. ஆடி மாசம் புதுசா வச்சுக் கொடுத்தாங்க. ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு, வயர்லெஸ் வேலை பாக்கறவ. அவளே மேல ஏறி ஸ்க்ரூ முடுக்கினா. பலகைல இருந்து ஒயரு வந்து சுவத்துல ஒரு சின்னப் பெட்டிக்குள்ள போகும். பெட்டியில இருந்து கீழ பேட்டரிக்கு. பேட்டரியில இருந்து வாக்கி சார்ஜ் ஏத்தற தட்டுக்கு. எல்லாஞ் சொல்லிக் கொடுத்தா. கண்ணாடி மேல இலை, எச்சம் எதுவும் இருக்கக் கூடாது, வாரம் ஒருக்கா ஈரத்துணியில தொடைங்கன்னா. பேட்டரிகிட்ட ஊதுபத்தி, கற்பூரம் பத்த வைக்காதீங்க, ஜன்னலைத் தொறந்தே வைங்கன்னா. பெட்டியத் தட்டிக் காட்டி, இது கதவு மாதிரிங்கண்ணா, பேட்டரி நெறைஞ்சா இது சாத்திக்கும், இதைத் தாண்டி ஒயரை மட்டும் குடுத்துப்போடாதீங்கன்னா. சின்னப் பொண்ணு, மடமடன்னு சொல்லுவா. நானும் சரி சரின்னு தலையாட்டினேன். நான் இதுக்கு முன்னாடி டார்ச் லைட்டையே பாக்காத மாதிரியில்ல பேசறா.

ஆயுத பூஜை வந்துச்சுங்க. நம்ம பொழப்புக்கு ஆயுதம்னா என்னங்க. அருவா, கம்பு, டார்ச்சு, வாக்கி. அப்பறம் அந்தச் சோலார் பலகை. எல்லாத்துக்கும் சோறு போடறதே அதுதானுங்களே. அதை உட்டுப்போட்டு அருவாளுக்குப் பொட்டு வச்சா நல்லாருக்குமா? ஏணி போட்டு ஏறினேன். கண்ணாடியப் பளபளன்னு தொடைச்சேன். மூணு விரல்ல திருநீத்தைக் குழைச்சு இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி வரைக்கும் பட்டை இழுத்தேன். நடுவுல உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம். அதும்மேல குங்குமம். கீழ இறங்கி நின்னு பாத்தா, சொன்னா நம்ப மாட்டீங்க, சாமி உக்காந்திருந்த மாதிரியே இருந்துச்சு. வெள்ளிங்கிரி சாமி விசயத்துல அரைகுறை, நெத்தியில ஒரு கீத்து கூட வைக்க மாட்டான். அவனே கும்பிட்டுப்போட்டான்.

அதுக்கப்பறம் புடிச்சுதுங்க சனி. அந்தப் பெட்டியில பச்சை லைட்டு எரியறது நின்னு போச்சு. சாயங்காலம் ஆறு மணிக்கு "ஊசி"ன்னு கூப்பிட்டா நாங்க பேசறது அவங்களுக்குக் கரகரன்னு கேக்குதாம். கொஞ்ச நேரத்துல கீ கீன்னு கத்திட்டு அணைஞ்சுக்கும். அதுல ஒரு வேடிக்கை என்னன்னா, நல்ல அடை மழை பேஞ்சு ஓய்ஞ்சுதுன்னா அடுத்த ரெண்டு நாளைக்கு எல்லாம் ஜோராயிரும். பச்சை லைட்டு எரியும், பேச்சு கணீர்னு இருக்கும். நான் மேல ஏறிப் பாப்பேன். மழையில பொட்டு கரைஞ்சு போயிருக்கும். அட பாவமேன்னு புதுசா வைப்பேன். அன்னைக்கே மறுபடியும் கீ கீ. பாருங்க, நாம பயபக்தியாத்தான் இருக்கறோம், பொருளு சரியில்லை. ஐப்பசியில மழை எச்சாச்சுன்னு சந்தனத்துல வெளக்கெண்ணெய் விட்டுக் குழைச்சு வச்சேன். அதுக்கப்பறம் எந்த மழைக்கும் போகலை. லைட்டும் எரியலை.

எனக்கு அந்தப் பெட்டி மேலதானுங்க சந்தேகம். வர்ற வெயிலை எல்லாம் அதுவே முழுங்கிக்குது, பேட்டரிக்கு உடறதில்லை. கதவுன்னு அவளே சொன்னாளே. சாத்தின கதவு தொறக்கலைன்னா என்ன பண்றது?

தீவாளிக்கு வெள்ளிங்கிரி நாலு நாள் ஊருக்குப் போயிட்டான். தீவாளி அவனுக்கு, பொங்கல் எனக்கு, அதுதான் எங்க ஒப்பந்தம். அந்த நாலு நாள்ல ஒருநாளு உக்காந்து யோசிச்சேன். பெட்டியில இருந்து ஒயரைப் பிடுங்கி, பலகை ஒயரையும் பேட்டரி ஒயரையும் நேரா முறுக்கிச் சேத்திப்போட்டேன். கருப்பு டேப்பு இல்லை. குதிகால் வெடிப்புக்குப் போடற பிளாஸ்திரி இருந்துச்சு, அதையே சுத்தினேன். எங்க ஊர்ல மோட்டாருக்கே இப்படித்தான் டைரக்ட் குடுப்பாங்க. பெரிய தப்பொண்ணும் இல்லை. பாக்க அசிங்கமா இருந்துச்சுன்னு காலண்டரை எடுத்து அதும்மேல மாட்டினேன். ஜன்னலு வழியாக் குளிரு வந்துச்சுன்னு அதையும் சாத்தினேன். நாலு நாளும் ஒண்ணும் ஆகலைங்க. அதைச் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேன். நாலு நாளும் ஒண்ணும் ஆகலை.

வெள்ளிங்கிரி வந்தான். பலகாரம் கொண்டாந்தான். வந்ததும் வராததுமா ஏணியத் தூக்கறான். ஏன்டான்னேன். கீழ ஜெசிந்தாவைப் பாத்தானாம், சார்ஜ் ஏற மாட்டேங்குதுன்னு கேட்டானாம். கண்ணாடி மேல ஏதாவது இருக்குதா, உள்ளங்கை அளவுக்கு மறைச்சாக் கூட மொத்தப் பலகையும் படுத்துக்கும், போய்த் தொடைங்கன்னு சொல்லித் தாட்டி விட்டாளாம்.

நான் ஏணியப் புடிச்சுக்கிட்டேன் தம்பி. வேண்டாம்டான்னேன். ஆயுத பூஜைக்கு வச்ச பொட்டை ஒரு வருசத்துக்கு யாராவது கை வச்சு அழிப்பாங்களா? அழிக்கறதுன்னா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதான்னேன். அவன் என்ற கையை மெதுவா எடுத்து உட்டான். "ஆறு மணிக்கு அவங்க கூப்பிடறப்ப நாம இருக்கறோம்னு சொல்லோணும்ல அண்ணா"ன்னான். ஏறிட்டான். எண்ணெய் போட்ட சந்தனம், லேசுல போகலை. சோப்புப் போட்டுத் தேய்ச்சான். நான் ஏணிகிட்ட நிக்காம உள்ள போயிட்டேன். அவன்கிட்ட மூணு நாள் பேசலை.

அதுல இருந்து மூணு நாள் வெயிலு. ஐப்பசியில அப்படி வெயிலை நான் பாத்ததில்லை. வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்லை. வாக்கி கணீர்னு பேசுது. வெள்ளிங்கிரி சிரிக்கறான், நான் மொகத்தைத் திருப்பிக்கிட்டேன். மூணாம் நாள் வீட்டுக்குள்ள அழுகின முட்டை நாத்தம். எலி செத்துக் கெடக்குதுன்னு நான் பரண் எல்லாம் தேடினேன்.

நாலாம் நாள் காலைல அவன் ஆத்துக்கு அக்கட்ட ரோந்து போகோணும். தட்டுல இருந்து வாக்கிய எடுத்து, சார்ஜ் இருக்குதாண்ணான்னு கேட்டான். மூணு நாள் பேசாம இருந்தேனுங்களா, அன்னைக்குத்தான் பேசினேன். "மூணு நாள் வெயிலைக் குடிச்சிருக்குது, ஃபுல்லுடா, எடுத்துட்டுப் போ"ன்னேன். அவனுக்கு நான் பேசினதே சந்தோசம். பாத்துக்கூட எடுக்கலை.

ஆத்துப் பாறையில வழுக்கி விழுந்துட்டானுங்க. வலது காலு, முட்டிக்குக் கீழ ரெண்டா முறிஞ்சு போச்சு. வாக்கிய அமுக்கியிருக்கான். ஒரு கீ. அவ்வளவுதான். ஒம்பது மணிக்கு விழுந்தவன். நான் வெறகு ஒடைச்சுட்டு, குழம்பு வச்சுட்டு, ரெண்டு மணிக்குச் சோறு ஆறுதேன்னு பாத்தேன். கேம்ப்புல இருந்த இன்னொரு வாக்கியில கூப்பிடலாம்னு எடுத்தா காலைல ஏழு மணிக்குப் பேசின அதுவும் பொணமாட்டம் கெடக்குது. தட்டு கருகியிருக்குது. குனிஞ்சு பேட்டரியப் பாக்கறேன், ஆப்ப மாவாட்டம் உப்பி, பக்கத்துல வெடிச்சு, ஈரம் கசிஞ்சு கெடக்குது.

ஓடினேன். நாலு மணிக்குக் கண்டேன். தண்ணிக்குள்ள பாதி உடம்பு. ஏழு மணி நேரம் தம்பி. ஆனை வந்து ரெண்டு தடவை தண்ணி குடிச்சுட்டுப் போச்சாம், மூச்சு உடாமக் கெடந்திருக்கான். என்னைப் பாத்ததும் என்ன சொன்னான் தெரியுங்களா, நீ வருவேன்னு தெரியும்ண்ணான்னான். நாப்பத்தேழு வயசுல அவனை முதுகுல போட்டு மூணு மைலு தார் ரோடு வரைக்கும் தூக்கிட்டு வந்தேன். என்ற இடுப்பு இன்னும் சரியாகலை. அதை யாரும் கேக்கறதில்லை. அது கெடக்கட்டும்.

வழியெல்லாம் அவன் முனகிட்டே வந்தான். ஏண்ணா இப்படி ஆச்சு, ஏண்ணா இப்படி ஆச்சுன்னு. நான் சொன்னேன். பொட்டை அழிச்சியேடா, அதுதான்னேன். வாயில வந்துருச்சு. ஒயரைப் பத்தி அப்ப எனக்கு நெனைப்பே இல்லைங்க. சத்தியமாத்தான் சொல்றேன். இருந்துச்சோ என்னமோ. பொட்டுதான் வாயில வந்துச்சு. அவன் அப்பறம் முனகலை. கழுத்துல சூடா அவன் கண்ணீருதான் இறங்குச்சு.

ஆஸ்பத்திரிக்கு ரேஞ்சர் ஐயா வந்தாரு. கூட ஜெசிந்தாவும். அவ மொதல்லயே கேம்ப்புக்குப் போய்ப் பாத்துட்டு வந்திருக்கா. ரேஞ்சர் கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு கேட்டாரு.

"யாரு அதுல கை வச்சது?"

அதுலன்னாரு. எதுலன்னு சொல்லலை. நான் இந்தப் பக்கம் நிக்கறேன். வெள்ளிங்கிரி எந்திரிக்கப் பாத்தான், முடியலை.

"நான்தானுங்கய்யா. நான்தான் கை வச்சேன். தப்புத்தானுங்க."

ஏன் வச்சேன்னு கேட்டாரு. "நல்லா சார்ஜ் ஏறட்டும்னுதானுங்கய்யா. அண்ணன் வேண்டாம்னு எத்தனையோ சொல்லிச்சு, நான்தான் கேக்கலை."

அவன் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்லைங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க, ஒரு வார்த்தை பொய் இல்லை. அவர் கேட்டது ஒயரை. இவன் சொன்னது பொட்டை. நடுவுல நான் என்னத்தைச் சொல்றது? பெரியவங்க பேசறப்ப நாம குறுக்க பூந்து பேசறது மொறையில்லைன்னு நின்னுட்டேன்.

அந்தப் பொண்ணு மட்டும் என்ற காலையே பாத்துட்டு நின்னா. குனிஞ்சு பாத்தேன். குதிகால்ல பிளாஸ்திரி. அதே பிளாஸ்திரிதானுங்க.

அவதான் ரேஞ்சர்கிட்ட என்னமோ சொல்லியிருக்கோணும். நேத்து ரேஞ்சர் ஐயா ஆளு அனுப்பியிருந்தாரு. நாளைக்குப் பதினோரு மணிக்கு ரெண்டு பேரும் ஆபீசுக்கு வாங்க, நாச்சிமுத்துவுக்குச் சொல்றதுக்கு ஏதாவது இருந்தா நேர்ல சொல்லட்டும், வரலைன்னா வெள்ளிங்கிரி சொன்னதையே எழுதி மேல அனுப்பிப்போடுவேன்னு. எழுதிட்டா அவனுக்கு வேலை போச்சு. சாமானை அவனே கெடுத்துக்கிட்டு விழுந்தவன்னு ஆயிரும், காலு வைத்தியத்துக்கும் ஒண்ணும் கெடைக்காது. அவன் பொண்டாட்டி பழனாத்தா போன வாரம் என்ற வீட்டுக்கு வந்துச்சு. சண்டை போடும்னு நெனைச்சேன். போடலைங்க. அண்ணா, பொட்டுல கை வச்சதுக்கு வேலையில இருந்து எடுப்பாங்களா, நீங்க வந்து ஐயாகிட்ட எடுத்துச் சொல்லுங்கண்ணான்னு கேட்டுட்டு, நான் குடுத்த காப்பியக் குடிச்சுட்டுப் போச்சு.

எனக்குச் சலிச்சுப் போச்சு தம்பி. நாப்பது நாளா இதையேதான் நெனைச்சுட்டு இருக்கறேன். ஒயரைச் சேத்தி நாலு நாள் ஒண்ணும் ஆகலையே. அவன் தொடைச்சான், மூணே நாள்ல வெந்து போச்சே. அப்ப எது தப்பு, நீங்களே சொல்லுங்க. படிச்சவராட்டம் இருக்கறீங்க. கண்ணாடி மறைஞ்சிருந்தவரைக்கும் கொஞ்சமா வந்துச்சு, தொடைச்சதும் மொத்தமா வந்துச்சு, சாத்தறதுக்குக் கதவு இல்லை, அதனாலன்னு அந்தப் பொண்ணு சொல்லுவா. ஆமா, சொல்லுவா. நானே இப்ப சொல்லிப்போட்டேன் பாருங்க.

சரி. சொல்லிப்போடறேன். இன்னைக்கு உள்ள போனதும் மொத வார்த்தையா அதைத்தான் சொல்லோணும். ஐயா, ஒயரைச் சேத்தினது நானுங்க. அவ்வளவுதானே. எட்டு வார்த்தை கூட இல்லை. வீட்டுல இருந்து பஸ்ஸு ஏறற வரைக்கும் சொல்லிப் பாத்துட்டேதான் வந்தேன். சரியா வந்துச்சு.

அதோ வேப்பமரம். கேட்டு வந்துருச்சுங்களா அதுக்குள்ள.

அங்க கல்லு மேல உக்காந்திருக்கறது தெரியுதுங்களா, கக்கத்துல கம்பு வச்சுக்கிட்டு? அவன்தான் வெள்ளிங்கிரி. பக்கத்துல பழனாத்தா. ஆபீசுக்குள்ள போய் உக்காராம ரோட்டுல வந்து காத்திருக்கறான் பாருங்க, எனக்காக. பக்கத்துக் கல்லுல துண்டை விரிச்சு எடம் போட்டு வச்சிருக்கான். பஸ்ஸுக்குள்ள ஒவ்வொரு ஜன்னலா எட்டி எட்டிப் பாக்கறான்.

அவன் நெத்தியப் பாருங்க தம்பி. சந்தனம். பட்டையா, பெரிசா. பதினோரு வருசத்துல அந்த நெத்தியில நான் ஒருநாளும் ஒண்ணும் பாத்ததில்லைங்க.

என்னையப் பாத்துட்டான். கைய ஆட்டறான். சிரிக்கறான்.

கண்டக்டர் கூப்பிடறதெல்லாம் காதுல உழுகுதுங்க. சித்த இருங்க, எந்திரிக்காதீங்க. நீங்க எதுக்கு எனக்கு வழி உடறீங்க. உக்காருங்க. உக்காருங்க தம்பி.

ஏனுங், இந்த வண்டி இதுக்கப்பறம் எங்கீங்க நிக்கும்?